கையில் கொடுத்த கத்தி

எங்கள் வீட்டில் கத்தியை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கீழே வைப்போம். பிடி எடுப்பவர் பக்கம் இருக்க வேண்டும், வெட்டும் வாய் நம் பக்கம். அவர் குனிந்து எடுத்துக்கொள்வார். கையிலிருந்து கைக்குப் போனால் பகை வரும் என்று ஊரில் பல வீடுகளில் சொல்வார்கள்; சொல்லிவிட்டு அவசரத்தில் கொடுத்தும் விடுவார்கள். சாணை பிடிக்கிற வீட்டில் அந்த அவசரம் கிடையாது. அப்புறம் இன்னொன்று. கத்தியின் வாய் எதிராளி பக்கம் இருக்கும்படி ஒருவர் வைத்தால், அதைக் கவனக்குறைவு என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. 'உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை' என்று அவர் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கையில் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தை நான் ஒரே ஒரு முறை மீறியிருக்கிறேன். தெரிந்தே மீறினேன். மண்டபம் நிறையச் சமையல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதரின் உள்ளங்கையில் கத்தியை வைத்தேன். அதற்காக நான்கு வருடம் காத்திருந்தேன்.

தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் அக்காவுக்குச் சாணைக் கடை. அப்பா இறந்தபோது நான் ஒரு நாளிதழின் தஞ்சைப் பதிப்பில் செய்தி திருத்தும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடையை அக்கா எடுத்துக்கொண்டாள். இதில் உருகுவதற்கு எதுவும் இல்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேலையும் நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது. கறிக்கடைக்காரர்கள், பரோட்டாக் கடைக்காரர்கள், திருவையாற்றுப் பக்கமிருந்து வாழை இலை அறுக்கிறவர்கள், தையல்காரர்கள் எல்லோரும் வருவார்கள். இவர்களைவிடப் பெரிய கூட்டம் கல்யாணச் சமையல்காரர்கள். வயலில் அறுக்க மிஷின் வந்துவிட்டது. கல்யாணச் சேனைக்கிழங்குக்கு இன்னும் கத்திதான்.

அக்காவின் கடையில் ஒரு மோட்டார், இரண்டு கல். ஒன்று சொரசொரப்பு, ஒன்று நைஸ். பக்கத்தில் ஒரு தகர டின்னில் தண்ணீர். "ரெண்டு இழுப்பு, ஒரு முக்கு" என்பது அவள் கணக்கு. கல்லில் கத்தியை இரண்டு முறை இழுத்தால் ஒரு முறை தண்ணீரில் முக்கியாக வேண்டும். முக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இரும்பு சூடேறி, வாய் ஓரம் முதலில் மஞ்சளாகும், பிறகு நீலமாகும். "நீலம் பாஞ்சா அந்தக் கத்தி செத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பாள். செத்த கத்தி பார்ப்பதற்குக் கூர்மையாகத்தான் இருக்கும். பத்து வெங்காயம் வெட்டும். பதினோராவதில் வாய் மடங்கும். நீலத்தைத் துணிச் சக்கரத்தில் தேய்த்து அழித்துவிட்டால் வாங்குபவருக்குத் தெரியாது. பிடி ஓரத்தில் மட்டும் சக்கரம் எட்டாத ஓர் இடுக்கில் தங்கியிருக்கும்.

தை மாதத்தில் யாராவது ஒருவர் நெல் அறுக்கிற கருக்கரிவாளைத் தூக்கிக்கொண்டு வருவார். அதன் வாயில் ரம்பம்போலச் சின்னப் பற்கள் உண்டு. கல்லில் வைத்தால் பல் போய்விடும். "இதக் கொல்லன்கிட்ட எடுத்துட்டுப் போங்க. நான் தொட்டா மொட்டையாயிடும்" என்று திருப்பி அனுப்புவாள். வந்த வேலையை அவள் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அது ஒன்றுக்குத்தான்.

பிடித்து முடித்த கத்தியை எங்கள் பத்திரிகையில்தான் சோதிப்பாள். ஒரு தாளை இடது கையில்... இல்லை, வலது கையில் தொங்கவிட்டு, இடது கைக் கத்தியால் மேலிருந்து இழுப்பாள். சத்தமில்லாமல் தாள் இரண்டாக வேண்டும். நான் முந்தின நாள் தலைப்புப் போட்ட செய்திகள் காலையில் அவள் காலடியில் நாடா நாடாவாகக் கிடக்கும். "உன் செய்தியில எங்கயோ முடிச்சு இருக்குடி, கத்தி நிக்குது" என்று கிண்டல் செய்வாள்.

மேலே கையை மாற்றி எழுதித் திருத்தியதை அப்படியே விட்டிருக்கிறேன். அக்கா இடக்கைக்காரி. அவளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நானே தவறுகிறேன் என்றால் மற்றவர்கள் கவனிக்காமல் போனதில் வியப்பில்லை. நடந்த எல்லாமே அந்த இடக்கையில்தான் இருக்கிறது.

மன்னார்குடி சாலையில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவர் இருந்தார். இருக்கிறார். அவரை மாஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெயரைப் போட்டால் அதையும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்.

நன்னிலத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணம். பையன் சிங்கப்பூரில் வேலை, ஆயிரம் இலைக்கு மேல் சாப்பாடு. அதற்காக மாஸ்டர் நாற்பது கத்திகளை அக்காவிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பிடியிலும் அவருடைய அடையாளம், ஆணியால் குத்திய மூன்று புள்ளி. பிடித்து முடித்ததும் அவரே வாங்க வந்தார். ஒரு கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மங்கலா இருக்கு? கண்ணாடியாட்டம் இருக்க வேணாமா?"

"கறிகாய் வெட்டத்தானே அண்ணே கேட்டீங்க? மூஞ்சி பாக்கவா?" என்றாள் அக்கா.

அவருடன் வந்த இரண்டு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எதிர் டீக்கடையிலும் யாரோ சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டு, கழுத்தைத் திருப்பி, சிரித்த இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். மதிய ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர் இறங்கினார். பின்னால் ஓர் ஆள் பால் பாக்கெட் பெட்டியில் கத்திகளைத் தூக்கிவந்தான். மாஸ்டர் குந்தி உட்கார்ந்து, ஒரு கத்தியை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். வாய் அவள் பக்கம். அப்புறம் எழுந்து பெட்டியைக் காலால் சாய்த்தார். மீதிக் கத்திகள் சிமெண்ட் தரையில் கொட்டின.

"பாரு, உன் லட்சணத்தப் பாரு."

"என்னாச்சு அண்ணே?"

"என்னாச்சா? சேனையில போட்டா வாய் மடங்குது. பூசணியில போட்டா வழுக்குது. காய் நறுக்குற அம்மாவுக்கு விரல் போச்சு. ஆஸ்பத்திரியில கெடக்குது. பொம்பளச் சாணை வேணாம்னு அப்பவே நாலு பேர் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

கடைவீதி முழுக்கக் கேட்கிற குரல் அது. கறிக்கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா கீழே கிடந்ததில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வாய் கண்ணாடிபோல மின்னியது.

"அண்ணே, இதுல வேற கை பட்டிருக்கு."

"யாரு கை?"

"தெரியல. என் கை இல்ல. நான் இடக்கை. நான் புடிச்சா, கல்லு வாயில போடுற சாணைக் கோடு முனையப் பார்த்துச் சாயும். இது பிடியப் பார்த்துச் சாஞ்சிருக்கு. பிடியோரத்துல நீலமும் இருக்கு பாருங்க."

"கோட்டப் பார்த்து ஆள் சொல்றியா? நீ சாணைக் கடை வெச்சிருக்கியா, கைரேகை ஜோசியம் பாக்குறியா?"

இந்த முறை டீக்கடை அவர் பக்கம் சிரித்தது. அவர் தைரியமடைந்து இன்னும் சத்தமாகச் சொன்னார்: "பெட்டி வந்தது வந்தபடி இருந்துச்சு. என் ஆளுங்க ஒருத்தரும் கை வைக்கல, நானும் கை வைக்கல. என் அடுப்பு மேல சத்தியம்."

என் பையில் பழைய ப்ரூப் தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்து அந்த மூன்று வாக்கியங்களையும் அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று அப்போது தெரியாது. கை பழக்கம்.

மறுநாள் ஆள் வந்து கத்திகளை எடுத்துப்போவான் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அக்கா கடையை என்னிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காய் நறுக்குகிற அம்மா மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். இடது ஆட்காட்டி விரலில் நரம்பு அறுந்திருந்தது. கூர்மையான கத்தி சொன்ன இடத்தில் போகும். மழுங்கல்தான் வழுக்கி விரலுக்கு வரும். அக்கா கட்டில் பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் இங்கே கடையில் தனியாக இருந்தேன். நீலம் நன்றாகத் தெரிகிற ஒரு கத்தியைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைய பத்திரிகையின் முதல் பக்கத்தில் சுற்றி, ரப்பர் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் என் மேஜை இழுப்பறைக்குப் பூட்டு உண்டு.

அதை எதற்கு எடுத்தேன் என்பது எனக்குத் தெளிவாகவே தெரியும். அக்கா நேர்மையானவள். எல்லாவற்றையும் மறுபடி சரியாகச் சாணை பிடித்துக் கொடுத்துவிடுவாள். கோடு அழிந்துபோகும், நீலம் அழிந்துபோகும். பிறகு அவளிடம் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும். அவருடைய வார்த்தை பெரிய வார்த்தை.

நான் நினைத்தபடியே செய்தாள். விடிவதற்குள் எழுந்து பிடித்து வைத்திருந்தாள். ஆள் வந்து எண்ணினான்.

"முப்பத்தொம்பதுதான் இருக்குக்கா. நாப்பது."

அக்கா மறுபடி எண்ணினாள். டின் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். மோட்டாருக்கு அடியில், இரும்புத் தூளுக்குள், சாக்கு மடிப்புக்குள் தேடினாள். மண்டியிட்டுத் தேடினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"கத்தியக் கெடுத்ததும் இல்லாம ஒண்ணத் திருடியும் வெச்சிக்கிட்டா." மாஸ்டரின் முதல் பேச்சைவிட இது ஊரில் வேகமாகப் போயிற்று. மன்னார்குடிச் சமையல்காரர்கள் வருவது நின்றது. திருத்துறைப்பூண்டியிலிருந்து மாதம் இருமுறை வந்த வேன் நின்றது. கறிக்கடைக்காரர்கள் மட்டும் நிற்கவில்லை. அவர்கள் பேச்சை நம்புவதில்லை, கத்தியை நம்புவார்கள். அக்காவுக்கு வயிற்றுப்பாடு போகவில்லை. போனது வேறு. அந்த அம்மாவின் விரல் மடங்காமல் நீட்டியபடியே நின்றுவிட்டது என்று தெரிந்த நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "நான் பண்ணேன்னு நெனச்சிக்கிட்டே இருக்கும்டி அது. ஒவ்வொரு தடவ அந்த விரலப் பாக்கும்போதும் என்ன நெனைக்கும்."

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. யார் கத்தி கொண்டுவந்தாலும், இரண்டே இரண்டு கொண்டுவந்தாலும், அக்கா வாய்விட்டு எண்ணுவாள். வாங்கும்போது ஒரு முறை, கொடுக்கும்போது ஒரு முறை. "ஒண்ணு. ரெண்டு. பாத்துக்கோங்க அண்ணே, ரெண்டு." அவள் எண்ணும்போது நான் அங்கே இருக்க நேர்ந்தால் டீ வாங்கப் போய்விடுவேன்.

பத்திரிகையில் எழுத முயன்றேன். கல்யாணச் சமையற்கட்டுகளில் கை வெட்டுப்படும் பெண்களைப் பற்றி என்று பொதுவாகத்தான் எழுதினேன். பதிப்புப் பொறுப்பாளர் இரண்டாவது பத்தியிலேயே நிமிர்ந்து பார்த்தார். "இந்தச் சாணைக் கடை யாரோடது?" என்றார். சொன்னேன். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "சொந்தக்காரங்க வழக்கு நம்ம பக்கத்துல வராதும்மா." அவர் சொன்னது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். எனவே பத்திரிகை இல்லாமல் செய்ய வேண்டியதாயிற்று.

மாஸ்டர் சமைத்த கல்யாணங்களுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போனேன். பந்தியில் உட்கார்ந்து சேனை வறுவலைப் புரட்டிப் பார்ப்பேன். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா. பெரும்பாலும் நசுங்கியிருந்தது. ஆகவே அவர் இப்போதும் தானேதான் பிடித்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. வலது கையால் பரிமாறுவார், வலது கையால் கும்பிடு வாங்குவார். எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். இழுப்பறையில் கத்திப் பொட்டலம் அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் பிரித்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, மறுபடி அதே தாளில் சுற்றி வைப்பேன். துருப்பிடித்தால் கோடு போய்விடும்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. சமையல்காரர்கள் ஓய்வாக இருக்கும் மாதம். நான்காவது வருடத்து ஆடியில், அவர்கள் சங்கம் மன்னார்குடி மண்டபம் ஒன்றில் மாஸ்டருக்குப் பட்டம் கொடுத்துப் பாராட்டு விழா எடுத்தது. அழைப்பிதழ் அலுவலகத்துக்கு வந்தது. அதற்குள் நான் செய்தியாளராகியிருந்தேன். அழைப்பிதழின் கடைசி வரியில் 'பாரம்பரியச் சாணைக் கண்காட்சியும் நேரடி விளக்கமும்' என்று இருந்தது. அந்த வரியைப் பல முறை படித்தேன்.

அக்காவை வரச் சொன்னேன்.

"எதுக்குடி நான்? அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவா?"

"ஒரு கத்தியப் பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான்."

"எந்தக் கத்தி?"

"அங்க வந்து பாரு."

காய் நறுக்குகிற அம்மாவை நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை. மாஸ்டரிடமே வேலையில் இருந்தார். நறுக்க முடியாததால் இலை துடைப்பது, வெற்றிலைத் தட்டு எடுத்துப்போவது. விழாவிலும் வாசலில் தட்டோடு நின்றார். எனக்குத் தட்டை நீட்டினார். பின்னால் வந்த அக்காவைப் பார்த்ததும் தட்டை இழுத்துக்கொண்டார்.

காலை பதினோரு மணி. மேடையில் சால்வைகள், மாலைகள். மண்டப ஓரத்தில் ஒரு நீள மேஜை. அதன்மேல் பழைய மரச் சாணைச் சக்கரம் ஒன்று, அலங்காரத்துக்கு. பக்கத்தில் புத்தம்புதிய மோட்டார் சாணை, வேலைக்கு. மாஸ்டர் ஏற்புரையில் அந்தக் கதையைச் சொன்னார். நான்கு வருடத்தில் அதை எத்தனை இடத்தில் சொல்லியிருந்தாரோ, நன்றாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"ஒரு பொம்பளைய நம்பி நாப்பது கத்தி குடுத்தேங்க. ஒரு தாயோட விரல் போச்சு. ஒரு கத்தியும் களவு போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன். என் கத்திய நானே புடிப்பேன்."

கைதட்டினார்கள். அக்கா கடைசி வரிசையில் முந்தானையைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள்.

அவர் மேஜைக்கு இறங்கி வந்தார். எங்கள் புகைப்படக்காரரிடம் நான் முன்பே ஒன்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "மாஸ்டர், நல்லா பொறி பறக்கணும். விடாம அழுத்துங்க. தண்ணியெல்லாம் இப்ப வேணாம்" என்றார்.

மாஸ்டர் மூன்று புள்ளிக் கத்தி ஒன்றை எடுத்து, வலது கையால் கல்லில் அழுத்தினார். பொறி ஓர் ஆள் உயரத்துக்குப் போயிற்று. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். தண்ணீர் இருந்தது, பித்தளைச் செம்பில், பூப்போட்டு. அவர் அதைத் தொடவில்லை. பிறகு துணிச் சக்கரத்தில் ஒரு தேய்ப்பு. கத்தி கண்ணாடியாகி மேஜைக்கு வந்தது.

"மாஸ்டர், செய்திக்கு ஒரு கேள்வி" என்றேன்.

"கேளும்மா."

"அந்த நாப்பது கத்தி. 'பெட்டி வந்தது வந்தபடி இருந்துச்சு, என் ஆளுங்க ஒருத்தரும் கை வைக்கல, நானும் கை வைக்கல.' இதச் சரியா எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதிக்க. பெரிய எழுத்துல போடு."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். ரப்பர் இற்றுப்போய் விரலிலேயே அறுந்தது. தாளைப் பிரித்துக் கத்தியை மேஜைமேல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் குரல் வந்துவிட்டது.

"ஏய்! இது என் கத்தி!"

"உங்களுதுதானா? நல்லாப் பாருங்க."

"என் புள்ளி எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் காணாமப் போன கத்தி இது. நான்தான் அப்பவே சொன்னேன்ல, திருடிட்டாங்கன்னு!" அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"ஆமா மாஸ்டர். திருடுனது நான். எங்கக்கா இல்ல. அந்தக் கத்திதான்னு உங்க வாயால வரணும்னுதான் இருந்தேன்."

கத்தி எதுவென்று சாட்சி சொல்ல வேறு யாரும் தேவைப்படவில்லை. பழைய கத்தியையும், அவர் இப்போது பிடித்த கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அங்கே நின்றவர்கள் மந்திரிகளோ வக்கீல்களோ அல்ல. வாழ்க்கை முழுவதும் கத்தி பிடித்தவர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் நகத்தை முதல் கத்தியின் வாயில் ஓட்டினார். அடுத்ததில் ஓட்டினார்.

"மாஸ்டர், ரெண்டும் ஒரே சாய்வுல்ல? பிடியப் பார்த்து?"

"பிடியோரத்துல நீலத்தப் பாருங்க. ரெண்டுலயும்" என்றார் இன்னொருவர்.

"எங்கக்கா இடக்கை" என்றேன். அக்கா எழுந்து வந்திருந்தாள். யாரோ அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் மோட்டாரைப் போட்டாள், மூன்றாவதாக ஒரு கத்தியை எடுத்தாள், இரண்டு இழுப்பு, செம்பில் ஒரு முக்கு. பூ அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. துடைத்து, பிடி அவர்கள் பக்கம் இருக்கும்படி வைத்தாள். கோடு முனையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அது மங்கலாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சேனைக்கிழங்கு ஒன்றைச் சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். மாஸ்டர் பிடித்த கத்தி நான்காவது வெட்டில் நின்றது. வாய் மடங்கி அலையலையாகத் தெரிந்தது. அக்கா பிடித்த கத்தி கிழங்கை முடித்துவிட்டுப் பலகையில் நின்றது.

"அது வந்து... பளபளப்பா இல்லியேன்னு லேசா ஒரே ஒரு தடவ..." என்றார் மாஸ்டர்.

யாரும் அவரைத் திட்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "மூஞ்சி பாக்கவா மாஸ்டர்?" என்றார். அந்தப் பழைய வார்த்தையும் ஊர் சுற்றியிருந்தது போலிருக்கிறது. சிரிப்பு முதலில் ஓர் இடத்தில் கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. நான்கு வருடமாக நான் கேட்க விரும்பிய சத்தம் அது. நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காய் நறுக்குகிற அம்மா வெற்றிலைத் தட்டை மேஜையில் வைத்தார். "அன்னைக்குக் காலையில பின்கட்டுல கர்ருனு ஒரு சத்தம் கேட்டுச்சு மாஸ்டர். என்னன்னு கேட்டேன். மாவு மிஷின்னீங்க." நீட்டிய விரலோடு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒன்ன நெனச்சு நாலு வருஷமா மண்ண வாரித் தூத்துனேன் தாயி. வெள்ளிக்கெழம தவறல."

அக்கா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல. இனிமே யாருக்குத் தூத்தணும்னு தெரிஞ்சு போச்சு" என்றார் அந்த அம்மா.

மாஸ்டர் என் பக்கம் கையை நீட்டினார். சால்வை ஒரு தோளில் நழுவியிருந்தது. "என் கத்தியக் குடு."

நான் கீழே வைக்க வேண்டும். அவர் குனிந்து எடுக்க வேண்டும். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கத்தியை எடுத்து, பிடியை அவர் உள்ளங்கையில் வைத்து, அழுத்தினேன்.

"வாங்கிக்கோங்க மாஸ்டர். கையிலயே வாங்கிக்கோங்க."

அவர் விரல்கள் மூடிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கூட்டத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். மாஸ்டர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே போடவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை. வெட்டிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. அந்தக் கத்தியின் வாய் செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

பத்திரிகையில் நான் எழுதிய செய்தி நான்கு வரி. விழா நடந்தது, பட்டம் வழங்கப்பட்டது. மற்றதை எழுதுவது முறையில்லை. தேவையும் இருக்கவில்லை, செல்போன்களில் போய்விட்டது.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வடவாற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கீழவாசலில் இறங்கி நேரே கடைக்கு நடந்தாள். கடையைத் திறந்து, மோட்டார் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்தாள்.

"நீயாடி எடுத்த?"

"ஆமா."

"அந்த டின்னுக்குள்ள கைய விட்டுத் தேடுனேன். நீ வாசல்ல நின்ன."

"சொல்லியிருந்தா நீ திருப்பிக் குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன்டி. கெடுத்துட்டாள்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. திருடின்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

"இன்னைக்கு ரெண்டும் போச்சுல்ல?"

அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக வெட்டினாள். வெயிலில் வந்தால் எப்போதும் சர்க்கரை போட்டுக் கரைத்துத் தருவாள். பாதியைத் தனக்குப் பிழிந்துகொண்டாள். மீதிப் பாதியை என் முன்னால் வைத்து, பக்கத்தில் கத்தியை வைத்தாள். வாய் என் பக்கம்.

அடுத்த வாரம் மன்னார்குடிச் சமையல்காரர்கள் வந்தார்கள். ஆவணி பிறந்ததும் திருத்துறைப்பூண்டி வேனும் வந்தது. காய் நறுக்குகிற அம்மா தன் வீட்டு அரிவாள்மணையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, பிடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாஸ்டரிடம் வேலைக்குப் போவதில்லை என்றார். மாஸ்டர் கத்திகளை இப்போது யாரிடம் கொடுக்கிறார் என்று நான் விசாரித்து வைத்திருக்கிறேன். கும்பகோணத்துக்கு அனுப்புகிறார். அவ்வளவு தூரம்.

இப்போது அக்கா எண்ண வேண்டிய தேவை இல்லை. யாரும் கேட்பதும் இல்லை. ஆனாலும் எண்ணுகிறாள். நான் கடையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக எண்ணுகிறாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." என்னைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறாள். நான் இப்போதெல்லாம் டீ வாங்கப் போவதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, வாய் என் பக்கம் இருக்கும்படி அவள் வைத்த கத்தியைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்து, என் எலுமிச்சம்பழத்தை நானே வெட்டிக்கொள்கிறேன்.